100 டாலருக்குப் போன 88-ஆம் நம்பர்

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்

இன்னைக்கு ஒரு விலையிலிருந்து ஆரம்பிக்கலாம். 100 டாலர்.

1978 அக்டோபர் மாதம். அமெரிக்கக் கால்பந்து, அதாவது நம்ம ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் எடுத்துக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஆட்டம். அதில் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அணி தன் வீரர் ஒருவரை வேண்டாம் என்று விடுவித்தது. அங்கே ஒரு நடைமுறை உண்டு. ஒரு அணி கைவிட்ட வீரரை இன்னொரு அணி எடுத்துக்கொள்ள விரும்பினால், ஒரு சின்னக் கட்டணம் கட்டி அவருடைய ஒப்பந்தத்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டணம் அப்போது 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அணி அதைக் கட்டியது, ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனது. அவ்வளவுதான்.

இது அவருடைய சம்பளம் இல்லை, கைமாற்றுக் கட்டணம் மட்டும்தான். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா நான் கதையைப் பெரிசாக்கறேன்னு நினைப்பீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த வீரர் பெயர் ஆலன் பேஜ். அந்த அணிக்காக 11 முழு சீசன் ஆடியவர். ஏழு வருஷத்துக்கு முன்னால், 1971-இல், லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதை வாங்கியவர். அதுவரை தடுப்பு ஆட்டக்காரர் யாருக்குமே அந்த விருது கிடைத்ததில்லை. அவருக்குப் பிறகும் ஒரே ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது: 1986-இல் லாரன்ஸ் டெய்லருக்கு. அப்படிப்பட்டவரைத்தான் சீசன் நடுவில், ஆறு ஆட்டம் முடிந்த பிறகு, அனுப்பிவிட்டார்கள்.

ஏன் என்பதுதான் இன்னைக்கு எபிசோடு. அதுக்கு முன்னாடி அவர் பார்த்த வேலை என்னன்னு புரியணும்.

அவர் ஒரு டிஃபென்சிவ் லைன்மேன். லைன்மேன்னா நமக்கு ஞாபகம் வர்றது கரண்ட் போனா வர்ற மின்வாரியத்துக்காரர்தான். இங்கே லைன் என்பது மைதானத்தில் பந்து வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்குக் குறுக்கே போகும் ஒரு கற்பனைக் கோடு. ஒரு அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அந்த நான்கில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. அவர்களின் மூளை குவார்ட்டர்பேக் என்பவர். பந்து முதலில் அவர் கைக்குப் போகும். எறிவதா, இன்னொருத்தரிடம் கொடுத்து ஓடச் சொல்வதா என்பது அவர் கையில். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவருக்கு நேர் எதிரே, ஒரு கையைத் தரையில் ஊன்றி, குனிந்து, பாயத் தயாராக நிற்கிற நான்கு பேர்தான் டிஃபென்சிவ் லைன். ஓரத்தில் இரண்டு பேர் ‘எண்ட்’. நடுவில் இரண்டு பேர் ‘டேக்கிள்’. பேஜ் வலப்பக்க டேக்கிள்.

கபடி பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஒரே ஒரு ரெய்டரைப் பிடிக்க ஏழு பேர் காத்திருக்கிறார்கள் இல்லையா, அதைத் தலைகீழாக்குங்க. பிடிக்கப் போகிறவருக்கும் பிடிபட வேண்டியவருக்கும் நடுவில் 115 கிலோ ஆட்கள் ஐந்து பேர் கை கோத்த மாதிரி நிற்கிறார்கள். அதிலும் டேக்கிள் நிற்கிறது கூட்டத்தின் நட்டநடுவில். ஒருத்தர் இல்லை, பல நேரம் இரண்டு பேர் சேர்ந்து மேலே விழுவார்கள். கீழே காலை வாருவார்கள். இதெல்லாம் நாலைந்து விநாடி. பிறகு எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி அதே. ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை. டிவியில் பார்க்கிறவர்கள் கண் பந்தின் பின்னாலேயே போகும். இந்த நடுப்பகுதியை யாரும் பார்க்க மாட்டார்கள். தொழிற்சாலை ஷிஃப்ட் மாதிரியான வேலை.

பேஜ் வந்த ஊரும் தொழிற்சாலை ஊர்தான். ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன். 1945-இல் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், அப்பா ஒரு மதுக்கூடம் நடத்தினார், அம்மா ஒரு பணக்காரர் கிளப்பில் உதவியாளராக வேலை பார்த்தார். அங்கே பள்ளிக்கூடம் முடித்த பையன்களுக்கு எஃகு ஆலை காத்திருக்கும். இந்த ஆட்டத்துக்கும் கேன்டன்தான் பிறந்த வீடு. 1920-இல் அந்த ஊரில் ஒரு கார் ஷோரூமில் கூடித்தான் இந்த லீகையே ஆரம்பித்தார்கள். அதனால்தான் ஆட்டத்தின் மாவீரர்களுக்கான நினைவுக்கூடம், ஹால் ஆஃப் ஃபேம், அங்கே கட்டப்பட்டு 1963-இல் திறந்தது. அந்தக் கட்டட வேலையில் கூலிக்குப் போன பையன்களில் ஒருத்தர் ஆலன் பேஜ். இதை அப்படியே மனசுல வச்சுக்குங்க. திரும்ப இந்தக் கட்டடத்துக்கு வருவோம்.

சின்ன வயசில் அவருக்கு ஆசை விளையாட்டில் இல்லை. டிவியில் பெர்ரி மேசன் என்ற வக்கீல் தொடர் ஓடிய காலம். வக்கீல் ஆக வேண்டும் என்பதுதான் கனவு. ஆனால் உடம்பு இருந்தது, வேகம் இருந்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. 1966-இல் அந்த அணி தேசிய சாம்பியன். அடுத்த வருஷம் வைக்கிங்ஸ் முதல் சுற்றில், 15-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது.

அங்கே ஓரத்து இடங்கள் இரண்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஒரு பக்கம் கார்ல் எல்லர். இன்னொரு பக்கம் ஜிம் மார்ஷல். மார்ஷலைப் பற்றி ஒரு சின்ன கிளைக்கதை சொல்லியே ஆகணும். 1964-இல் ஒரு ஆட்டத்தில் கீழே விழுந்த பந்தை எடுத்து 66 கெஜம் ஓடினார். தப்பான திசையில். தன் அணியின் எல்லைக்குள்ளேயே. போய்ச் சேர்ந்ததும் எதிரணிக்காரர் வந்து நன்றி சொல்கிற மாதிரி தட்டிக்கொடுக்கும்போதுதான் அவருக்கே விஷயம் விளங்கியது. அதே மனுஷன்தான் தொடர்ந்து 282 ஆட்டம், ஒன்றுகூட விடாமல் ஆடினார். ரெண்டும் ஒரே ஆள்தான்.

சரி, பேஜுக்கு வருவோம். ஓரத்தில் இடம் இல்லாததால் நடுவுக்குத் தள்ளினார்கள். எடை சுமார் 245 பவுண்டு, அதாவது 111 கிலோ. நமக்கு அது பெரிய உருவம். அந்த இடத்துக்கு அந்தக் காலத்திலேயே அது கொஞ்சம் இளைத்த உடம்பு. இன்னைக்கு அதே இடத்தில் நிற்பவர்கள் 130, 140 கிலோ. எடையில் குறைவானவர் கூட்டத்தில் எப்படிப் பிழைப்பார்? பந்து அசைந்த கணத்தில் எதிரே இருப்பவர் நிமிர்வதற்குள் அவரைத் தாண்டியிருப்பார். அவருடைய ஆயுதம் அந்த முதல் அடிதான். மோதுவதில்லை, நழுவுவது. பழைய ஒளிப்பதிவுகள் பார்த்தால் தெரியும். மற்ற மூன்று பேர் இன்னும் தள்ளுமுள்ளுவில் இருக்கும்போது 88-ஆம் நம்பர் சட்டை மட்டும் அந்தப் பக்கம் போயிருக்கும்.

எல்லர், மார்ஷல், கேரி லார்சன், பேஜ். இந்த நால்வருக்கும் ‘பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்’ என்று பெயர் விழுந்தது. ஊதாச் சட்டைக்காரர்கள், ஆளை விழுங்குகிறவர்கள். 1958-இல் வந்த ஒரு வேடிக்கைப் பாட்டின் தலைப்பிலிருந்து எடுத்த பட்டப்பெயர். அவர்களுக்குள்ளே ஒரு வாசகம் உண்டு: ‘குவார்ட்டர்பேக்கிடம் சந்திப்போம்.’ நாலு பேரும் நாலு வழியாகப் போய் ஒரே இடத்தில் கூடுவது. மைதானமோ திறந்தவெளி. மினசோட்டாவின் டிசம்பர் குளிர் எப்படின்னு விசாரிச்சுப் பாருங்க. பயிற்சியாளர் பட் கிராண்ட் தன் வீரர்களின் பக்கத்தில் ஹீட்டர் வைக்கவே அனுமதிக்க மாட்டார். குளிரை நினைக்காமல் இருந்தால் குளிராது என்பது அவர் கட்சி. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது, இருந்தாலும் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது.

1971 டிசம்பரில் டெட்ராய்ட் லயன்ஸுடன் ஒரு ஆட்டம். நடுவர்கள் அடுத்தடுத்து இரண்டு முறை பேஜ் மேல் தவறு கூப்பிட்டார்கள். மனுஷனுக்குக் கோபம் வந்தது. யாரிடமும் கத்தவில்லை. அடுத்து வந்த வாய்ப்புகளில் எதிரணியின் சுவரைப் பிய்த்துக்கொண்டு போய், குவார்ட்டர்பேக்கையும் பந்தோடு ஓடியவரையும் வரிசையாகச் சாய்த்தார். மைதானத்தில் அவர் மட்டும்தான் ஆடுகிறார் என்று தோன்றும் ஒளிப்பதிவு அது. அந்த வருஷ விருதுக்கு அந்த ஒரு ஆட்டமே சாட்சி.

இதுல ஒரு வருத்தமான வேடிக்கை. குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதற்கு ‘சேக்’ என்று பெயர். ஒரு லைன்மேனுடைய மதிப்பை இன்னைக்கு அந்த எண்ணிக்கையை வச்சுத்தான் பேசுறாங்க. ஆனால் லீக் அதை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982-இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981-இல். ஆக, ஏட்டுப்படி அவர் கணக்கில் சேக் எதுவுமே கிடையாது. பிறகு ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணினார்கள். 148.5 வந்தது. இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த எண்ணிக்கைகளில் ஒன்று, ஆனால் ‘அதிகாரபூர்வமற்றது’ என்ற வால் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்கு நாலு தடவை போனார்கள். நாலிலும் தோற்றார்கள். இதைப் பற்றி மினசோட்டாக்காரர்களிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. நானும் நகர்ந்துடறேன்.

இப்போ அந்த 100 டாலருக்கு வருவோம்.

எழுபதுகளின் நடுவில் பேஜ் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அது முதல் முயற்சி இல்லை. ஆட ஆரம்பித்த புதிதிலேயே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரத்திலேயே தாக்குப்பிடிக்க முடியாமல் விட்டுவிட்டு ஓடிவந்தவர். இந்தத் தடவை மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆடிக்கொண்டே முழுநேர மாணவராகப் படித்தார். 1978-இல் பட்டம் வாங்கினார். தேதியைக் கவனிச்சீங்களா? அணி அவரை விட்ட அதே வருஷம்.

இரண்டாவது, ஓட ஆரம்பித்தார். மனைவி டயேன் சிகரெட்டை விட முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார், அதற்காக ஓட ஆரம்பித்தார். துணைக்கு இவரும் ஓடினார். டயேன் எதற்காக ஆரம்பித்தாரோ, இவருக்கு அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. ஓட்டம் பிடித்துப்போய்விட்டது. மைல் கணக்கில் ஓடினார். எடை குறைந்தது. 245 பவுண்டிலிருந்து 220-களுக்கு.

ஒரு லைன்மேன் எடை குறைகிறார் என்பது அந்தத் தொழிலில் எப்படிப்பட்ட விஷயம்னா, ஒரு பாடகர் குரலைக் குறைச்சுக்கறார்னு சொல்ற மாதிரி. அந்த உலகத்தில் உடம்பு உங்களுடையது இல்லை. தினம் எடை பார்ப்பார்கள். இவ்வளவு சாப்பிடு, இவ்வளவு தூக்கு என்பார்கள். பட் கிராண்ட் பார்வையில் பேஜ் அந்த இடத்துக்குப் பொருந்தாதவராக ஆகிவிட்டார். எடை போனதால் எதிரணி ஓடும் ஆட்டத்தில் அவரைத் தள்ளிவிட முடிகிறது என்பது வாதம். அவர் சொன்னது முட்டாள்தனமும் இல்லை. அதே 1978-இல் லீக் விதிகளை மாற்றி, சுவராக நிற்பவர்கள் கையை நீட்டி, விரல்களை விரித்துத் தடுக்கலாம் என்று அனுமதித்தது. நழுவிப் போகிறவருக்கு அது பெரிய அடி. பேஜ் வயது 33. பயிற்சியாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் யோசித்திருப்பேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. பேஜ் வீரர்கள் சங்கத்தின் பிரதிநிதி. அதன் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். 1974-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதெல்லாம் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போக முடியாது. புது அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும், எவ்வளவு என்பதை லீக் ஆணையர் தீர்மானிப்பார். அதனால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அந்த விதியை எதிர்த்த வழக்கு மினசோட்டாவில்தான் விசாரிக்கப்பட்டது. 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற, சங்கம் பேசுகிற, சொன்ன எடையில் இல்லாத ஒரு நட்சத்திரம். அவரை வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கிற நிர்வாகம் ரொம்ப அபூர்வம். இதனால்தான் அனுப்பினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எடைதான் காரணம் என்று அணி சொன்னது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன், அவ்வளவுதான்.

சிகாகோ ஏன் 100 டாலர் கட்டியது? அங்கே அப்போது தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போனவர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. இவர் அதற்கு முந்தைய வருஷம் வரை வைக்கிங்ஸில் தடுப்பு ஆட்டத்தைக் கவனித்தவர். அங்கே லைன்மேன்களுக்குப் பயிற்சி கொடுத்த பட்டி ரயனும் அவரோடு சிகாகோ வந்திருந்தார். பேஜ் என்ன செய்வார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

அந்த ‘பொருந்தாத’ உடம்போடு பேஜ் சிகாகோவுக்காக 58 ஆட்டம் ஆடினார். அந்த சீசனின் மீதி 10, பிறகு மூன்று முழு சீசன். 1979-இல் மாரத்தான் ஓடி முடித்தார். ஆட்டத்தில் இருக்கும்போதே மாரத்தானை முடித்த முதல் லீக் வீரர் அவர்தான். சீசன் இல்லாத மாதங்களில் மினியாபோலிஸில் ஒரு சட்ட நிறுவனத்தில் வக்கீல் வேலை. 1967-இலிருந்து 1981 வரை மொத்தம் 218 ஆட்டம், ஒன்றுகூடத் தவறவில்லை. அணி மாறிய வாரத்தில்கூட.

ஒரு விஷயம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு நாள் அணிக் கூட்டத்தில் லைன்மேன்களை ப்ளேபுக்கைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். ப்ளேபுக் என்பது எந்தச் சூழலில் யார் எங்கே போக வேண்டும் என்று எழுதிய தடித்த ஃபைல். ஒருத்தர் சரளமாக வாசித்தார். அடுத்தவர் எழுத்துக் கூட்டினார். அதற்கடுத்தவரால் முடியவே இல்லை. அறை அமைதியாகிவிட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கல்லூரியில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர்கள். எப்படி அங்கே வரைக்கும் வந்தார்கள்? நல்லா ஆடுகிற பையன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாரோ ஒருத்தர் கண்டுகொள்ளாமல் விட்டு, மதிப்பெண் போட்டு, அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மைதானத்தில் அவர்களுக்கு முப்பது வயசில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு? பேஜை அந்த வாசிப்பு உலுக்கியதற்குக் காரணம் அதுதான்னு நினைக்கிறேன். 100 டாலருக்குக் கைமாறினபோது இவர் கையில் சட்டப் பட்டம் இருந்தது. அந்த அறையில் எழுத்துக் கூட்டியவர் கையில் என்ன இருந்திருக்கும்?

1988-இல் அந்த கேன்டன் கட்டடம் அவரைக் கூப்பிட்டது. கூலிக்கு வேலை பார்த்த அதே ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்குச் சிலை வைக்கிறார்கள். அந்த விழாவில் ஒவ்வொரு வீரரையும் அறிமுகப்படுத்த ஒருவர் வருவார். வழக்கமாகப் பழைய பயிற்சியாளர், அணி முதலாளி, சக வீரர். பேஜ் தேர்ந்தெடுத்தது வில்லரீன் பீஸ்லி என்ற பள்ளித் தலைமை ஆசிரியையை. மினியாபோலிஸில் நார்த் ஹைஸ்கூலை நடத்திக்கொண்டிருந்தவர். கால்பந்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆட்ட வெறியர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் பேஜ் பேசியதும் படிப்பைப் பற்றித்தான். தன்னுடைய சாதனையைப் பற்றி ரொம்பக் கொஞ்சம்.

அதே வருஷம் மனைவியோடு சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். மினசோட்டாவில் வெள்ளையர் அல்லாத சமூகங்களின் மாணவர்களுக்குக் கல்லூரிப் பண உதவி. ஒரு நிபந்தனை உண்டு: பணம் வாங்குகிற மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க உதவ வேண்டும். அந்த அறையில் வாசிக்க முடியாமல் போனவருக்கு எட்டு வயசில் யாரும் செய்யாததை, இவர்கள் இன்னொரு எட்டு வயசுக்குச் செய்ய வேண்டும்.

இதற்கப்புறம் நடந்தது, என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த டேக்கிள். ஆனால் மைதானத்தில் இல்லை.

மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மாநில அரசியல் சட்டம். நடைமுறையில், நீதிபதிகள் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே ஓய்வு பெறுவார்கள். அந்த இடத்துக்கு ஆளுநர் ஒருவரை நியமிப்பார். அங்கே ஆளுநர்னா நம்ம ஊர் மாதிரி இல்லை, தேர்தலில் ஜெயித்து வருகிறவர், கிட்டத்தட்ட நம்ம முதலமைச்சர். ஆக, பதவியில் இல்லாத ஒருவருக்கு அந்த வாசல் திறப்பதே அபூர்வம். 1992-இல் ஒரு நீதிபதியின் பதவிக்காலம் முடிந்தது. பேஜ் போட்டியிட வந்தார். அப்போது அவர் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுநர் ஆர்னி கார்ல்சன் என்ன செய்தார்? அந்த நீதிபதி முழு ஓய்வூதியம் பெறுவதற்கு வசதியாக அவருடைய பதவிக்காலத்தை நீட்டித்துவிட்டார். தேர்தலே இல்லை. கதவு சாத்தியாச்சு.

பேஜ் ஆளுநர் மேல் வழக்குப் போட்டார். அரசாங்க வேலையில் இருந்துகொண்டே. வழக்கு எங்கே போகும்? அதே உச்ச நீதிமன்றத்துக்கு. தங்கள் சக நீதிபதியின் நாற்காலியைப் பற்றிய வழக்கு என்பதால் அங்கிருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதிகளை வைத்து ஒரு அமர்வு அமைத்து விசாரித்தார்கள். பேஜ் எதிர் கார்ல்சன். தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பு. நடந்தது. ஜெயித்தார். மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1998, 2004, 2010 என்று மூன்று முறை திரும்பவும் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 2015-இல் 70 வயது ஆனதும், சட்டப்படி அதற்கு மேல் இருக்க முடியாது என்பதால் இறங்கினார். 15 வருஷம் லைன்மேன், 22 வருஷத்துக்கு மேல் நீதிபதி. முதல் வேலையை விட இரண்டாவது வேலைதான் நீளம்.

2017-இல் மினியாபோலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளியின் பெயரை மாற்றினார்கள். அதுவரை அது அலெக்சாண்டர் ராம்சி பெயரில் இருந்தது. ராம்சி 1862-இல் மாநிலத்தின் ஆளுநராக இருந்தபோது, டகோட்டா பழங்குடி மக்களை அழிக்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று பேசியவர். பள்ளி மாணவர்களே அந்தப் பெயர் வேண்டாம் என்று முன்னெடுத்தார்கள். இப்போது அது ஜஸ்டிஸ் பேஜ் மிடில் ஸ்கூல். அதில் எனக்குப் பிடித்தது அந்த ‘ஜஸ்டிஸ்’. நீதிபதி என்றும் எடுத்துக்கலாம், நீதி என்றும் எடுத்துக்கலாம்.

லைன்மேன் வேலை அவர் உடம்பில் விட்டுப்போன ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரு கையின் சுண்டுவிரல். ஆட்டத்தில் பல தடவை பிசகி, இப்போது கிட்டத்தட்ட செங்கோணத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீதிபதி அங்கியில் கையெழுத்துப் போடும் படங்களில்கூட அது தெரியும். பள்ளிக்கூடங்களுக்குப் போனால் குழந்தைகள் முதலில் கேட்பது சாம்பியன்ஷிப்பையும் தீர்ப்பையும் பற்றி இல்லை, அந்த விரலைப் பற்றித்தான். ஆசிரியையான மகளோடு சேர்ந்து 2013-இல் ஒரு குழந்தைகள் புத்தகமே எழுதிவிட்டார். அதன் நாயகன் அந்தச் சுண்டுவிரல். வாசிக்க வைக்க அதுவும் ஒரு வழி.

டயேன் 2018-இல் காலமானார். அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் பேஜுக்குக் கிடைத்தது. சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்து, கணவரின் எடையையும் வேலையையும் ஊரையும் மாற்றிவிட்டவர் பக்கத்தில் இல்லை.

மினியாபோலிஸ் பக்கம் அக்டோபரில் யாராவது இருந்தால், ட்வின் சிட்டீஸ் மாரத்தான் பார்க்கப் போங்க. அந்த ஓட்டத்தின் ஆரம்ப மைல்களிலேயே பாதையோரத்தில் போ-டை கட்டிய ஒரு உயரமான மனிதர், உடம்பைச் சுற்றிக்கொள்ளும் அந்தப் பெரிய பித்தளைக் குழல், சூசபோன், அதை மாட்டிக்கொண்டு ஊதுவார். வருஷக்கணக்காக அங்கே ஓடுபவர்களுக்கு அது பழக்கம். புதிதாக வருகிறவர்கள்தான் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் ஓடுபவரிடம் ‘யார் இவர்?’ என்று கேட்பார்கள். மூச்சு இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள்.